பிறவிக் குற்றவாளி உண்டா?
குற்றம் பற்றிய சமூகவியல் கோட்பாடுகள் – ஒரு திறனாய்வு

பள்ளியிலோ கல்லூரியிலோ சேர விண்ணப்பம் எழுதிய அனைவரும் 'சீர்மரபினர்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்ற வகைகளோடு அதுவும் ஒன்றாக அச்சாகியிருக்கும். மற்ற சொற்களுக்குப் பொருள் சொல்லிவிடலாம். சீர்மரபினர் என்பவர் யார் என்று கேட்டால், அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்கே பல வேளைகளில் விடை தெரிவதில்லை.

விடை இதுதான். ஆங்கிலேயர் ஆட்சி சில சாதிகளையும் குழுக்களையும் 'குற்றப் பரம்பரையினர்' என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு பின்னர் நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கம் பெற்றவர்களே சீர்மரபினர். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு உரிய பட்டியலில் கந்தர்வக்கோட்டைக் கள்ளர், உப்புக் குறவர் முதலிய பெயர்களைக் காணலாம்.

ஒரு குழந்தை எந்தத் தவறும் செய்யும் முன்பே அதைக் குற்றவாளி என்று சொல்ல ஓர் அரசால் எப்படி முடிந்தது? அதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது. குற்றத்தைப் பற்றி அதன் பிறகு எழுந்த கோட்பாடுகளும் பல. அவற்றை நம் ஊர்ச் செய்திகளோடு உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்பியல் கற்பிப்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எந்தத் துறைக் கோட்பாடானாலும் மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்லியாக வேண்டும். முதலாவது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு எடுக்கப்பட்டதா? இரண்டாவது, எண்ணியவர் யார், எந்தக் கருவியால் எண்ணினார்? மூன்றாவது, எது நிகழ்ந்தால் இந்தக் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொள்வார்கள்? ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் நாம் கேட்கும் இவற்றைச் சமூகவியலிடமும் கேட்கலாம்.

குற்றமும் பிறழ்வும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். சட்டம் தடுத்ததைச் செய்வது குற்றம். சமூகம் ஒழுங்கு என்று கருதுவதிலிருந்து விலகுவது பிறழ்வு. இரண்டும் ஒன்றல்ல. வரதட்சணை வாங்குவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அதை வாங்கியவரைப் பல ஊர்களில் யாரும் பிறழ்ந்தவர் என்று ஒதுக்குவதில்லை. பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். மாறாக, ஊர் கூடி வாய்க்கால் வெட்டும் நாளில் வராமல் வீட்டில் இருப்பவரைச் சட்டம் ஒன்றும் செய்யாது. ஊர் முகம் கொடுத்துப் பேசாது.

எனவே, ஒரு செயல் குற்றமா அல்லவா என்பது செயலுக்குள் மட்டும் அடங்கியிருக்கும் பண்பன்று. நிறை என்பதைப் போலப் பொருளோடு பிறந்த பண்பாக அதைக் கருத இயலாது. யார் பார்க்கிறார், எந்தச் சட்டத்தின்படி பார்க்கிறார் என்பதும் அதில் சேர்கின்றது.

இரத்தத்தில் குற்றம்

இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்றார். தாடை, நெற்றி, காது ஆகியவற்றின் அமைப்பில் அதற்கு அடையாளம் உண்டு என்றார். சிறைக் கைதிகளை அளந்து இந்த முடிவுக்கு வந்தார். சிறைக்கு வெளியே இருப்போரைத் தக்க முறையில் அளந்து ஒப்பிட்டாரா என்றால், இல்லை. அந்த வேலையை இங்கிலாந்தின் சார்லஸ் கோரிங் செய்தார். சுமார் 3,000 கைதிகளின் அளவுகளைப் படைவீரர், பல்கலைக்கழக மாணவர் போன்றோரின் அளவுகளோடு ஒப்பிட்டு 1913இல் முடிவை வெளியிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடல் வகை எதுவும் இல்லை என்று அதில் தெரிந்தது. முதல் கேள்வியிலேயே லொம்புரோசோவின் கோட்பாடு தோற்றது.

இந்தியாவில் சட்டம் இந்த 'விஞ்ஞானத்துக்கு'க் காத்திருக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இலேயே, அதாவது லொம்புரோசோவின் நூலுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, வந்துவிட்டது. அதன் கோட்பாடு எலும்பைப் பற்றியதன்று, சாதியைப் பற்றியது. தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர். அதுபோலத் திருடர் மகன் திருடர் என்பதே வாதம். முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் நீள அகலம்கூட அதில் அளவாகத் தரப்பட்டுள்ளது. அளவுகள் நிறைந்த நூல் என்பதால் அது விஞ்ஞான நூல் ஆகிவிடுமா? நல்ல அளவுகோலைக் கையில் எடுத்தவர் தவறான கேள்வியைக் கேட்டால், விடையும் மூன்று தசம இடத்துக்குத் துல்லியமாகத் தவறாகவே இருக்கும்.

இந்தக் கோட்பாட்டை மறுக்கும் சான்று நம் காவிரிப் படுகையிலேயே இருந்தது. கள்ளர் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டவர்கள் மதுரைக்கு மேற்கே மானாவாரி நிலத்திலும் இருந்தனர்; தஞ்சையில் ஆற்றுப் பாசனம் உள்ள நிலத்திலும் இருந்தனர். தஞ்சைப் பகுதியில் அவர்களுள் பலர் நெல் விளைவிக்கும் உழவர்கள், நில உடைமையாளர்கள். பாசனமும் வேளாண்மையும் வாழ்க்கையை மாற்றின என்பதை ஆங்கில அதிகாரிகளே எழுதி வைத்தனர். தர்ஸ்டனின் தொகுதியிலும் இந்த வேறுபாடு பதிவாகியுள்ளது. பெயர் ஒன்று, தண்ணீர் வேறு, வாழ்க்கையும் வேறு. இதைவிடத் தெளிவான ஒப்பீடு வேறு வேண்டுமா? ஆயினும், இதைக் கண்டு யாரும் கோட்பாட்டைக் கைவிடவில்லை.

பொய்க்க முடியாத சட்டம்

பிரமலைக் கள்ளர் அனைவரும் 1918இல் இச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். வயது வந்த ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்ததால் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். இரவில் குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். தவறினால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். அரசின் அறிவிப்புச் சரியா என்று நீதிமன்றம் கேட்கவும் முடியாது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை சுட்டது. ஒரு பெண் உட்படப் பதினைந்து பேருக்கு மேல் இறந்தனர்.

இங்கே நம் மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதிவேட்டில் உள்ளவர் திருடினால், 'பார்த்தீர்களா, பரம்பரைக் குணம்' என்பார்கள். திருடவில்லை என்றால், 'பார்த்தீர்களா, சட்டம் தடுத்துவிட்டது' என்பார்கள். எது நடந்தாலும் கோட்பாடு வென்றுவிடும். தவறு என்று நிறுவவே வழியில்லாத ஒன்றை விஞ்ஞானம் என்று ஏற்க முடியாது.

இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். இரவு ஆஜர் ஆகாததே குற்றமென்று எழுதிவிட்டால், பதிவேட்டில் உள்ளவர்களின் குற்ற எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறத்தானே செய்யும்? அந்த எண்ணிக்கையையே காட்டி, சட்டம் தேவை என்றும் சொல்லலாம். சுடுநீரில் போட்டு வைத்த வெப்பமானியை எடுத்து அறையின் வெப்பத்தை அளப்பது போன்றது இது.

குற்றம் எங்கும் உண்டு

இனிச் சமூகவியலாரிடம் வருவோம். பிரான்சின் எமில் துர்க்கைம் 1895இல் ஒரு வியப்பான கருத்தைச் சொன்னார்: குற்றம் இல்லாத சமூகமே இல்லை, ஆகவே அது சமூகத்தின் இயல்பான கூறு. முனிவர்கள் மட்டுமே வாழும் ஊரிலும் சிறு பிசகு பெரும் குற்றமாகத் தெரியும். இன்றைய பிறழ்வு நாளைய ஒழுங்காகலாம் என்பதற்கு அவர் சாக்ரட்டீசை எடுத்துக்காட்டினார்.

நமக்கு அருகிலேயே சான்று உண்டு. கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் மிராசுதாரை எதிர்த்துப் பேசினால் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் உண்டு. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் அவர்களைச் சங்கமாகத் திரட்டினர். அன்று சங்கக் கொடி பிடிப்பது மிராசுதார் கண்ணில் பெரும் பிறழ்வு. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கேட்டவை பலவற்றைச் சட்டமே உரிமை ஆக்கியது.

துர்க்கைமின் குறை எங்கே? 'சமூகத்தின் மனச்சான்று' என்று ஒருமையில் பேசுகிறார். சாட்டை பிடித்தவரும் அடிபட்டவரும் ஒரே ஊரில் இருந்தனர். அவர்களுக்கு ஒரே மனச்சான்று இருந்ததா? எவருடைய மனச்சான்று சட்டமாகிறது என்ற கேள்வியை அவர் கோட்பாடு போதிய அளவு எழுப்பவில்லை.

வழி அடைபட்டால்

அமெரிக்க அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1938இல் சொன்னதைக் காண்போம். எல்லாருக்கும் ஓர் இலக்கைச் சமூகம் காட்டுகிறது. ஆனால் அதை அடையும் நேர்வழியை எல்லாருக்கும் திறந்து வைப்பதில்லை. இந்த நெருக்கடியில் மனிதர் ஐந்து வகையாக நடக்கின்றனர். ஒருவர் அடங்கி ஒத்துப்போகிறார். ஒருவர் இலக்குக்குக் குறுக்குவழி காண்கிறார். ஒருவர் இலக்கை மறந்து சடங்காக வேலை செய்கிறார். ஒருவர் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குகிறார். ஒருவர் இலக்கையும் வழியையும் மாற்றப் போராடுகிறார்.

உப்புக் குறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தொழில் பெயரிலேயே இருக்கிறது. கடற்கரை உப்பை மாட்டின் மேல் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்கள் குறவர்கள். சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் ஏகபோகம் ஆயிற்று. பின்னர் இரயில் வந்தது. பொதிமாடு பல நாள் நடந்த வழியை இரயில் ஒரே நாளில் கடந்தது. இன்று பாபநாசம் நிலையத்தில் நின்று செல்லும் வண்டிகளின் பாதையும் அந்த நூற்றாண்டின் வேலைதான். 1876–78 பஞ்சம் எஞ்சியதையும் பறித்தது. பயனுள்ள வணிகர் என்று கருதப்பட்டவர்கள், வணிகம் போனபின் 'காரணமின்றித் திரிபவர்' ஆயினர். வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தை ஆவணங்களோடு விளக்குகிறார்.

மெர்ட்டனின் கோட்பாடு இங்கே நன்கு பொருந்துகிறது. மனிதரின் இரத்தம் மாறவில்லை, வழி அடைபட்டது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. தொழில் இழந்தவர்களுள் மிகப் பலர் திருடவில்லை. கூலி வேலைக்குப் போயினர், கூடை முடைந்தனர். மேலும், வழி எல்லாம் திறந்திருக்கும் செல்வர் ஏன் குற்றம் செய்கிறார்? இதற்கு மெர்ட்டனிடம் எளிய விடை இல்லை.

வெள்ளைச் சட்டையும் வெண்மணியும்

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் எட்வின் சதர்லாந்து. குற்றம் வறுமையால் பிறக்கிறது என்ற முடிவு, ஏழைகளை மட்டுமே எண்ணிய கணக்கிலிருந்து வந்தது என்றார். 'வெள்ளைச் சட்டைக் குற்றம்' என்ற கருத்தை 1939இல் முன்வைத்தார். அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களின் ஆவணங்களைத் தேடினார். அவற்றுக்கு எதிராக 980 தீர்ப்புகளும் ஆணைகளும் இருந்தன. ஒரு நிறுவனத்துக்குச் சராசரி 14. 1949இல் நூல் வெளிவந்தபோது நிறுவனங்களின் பெயர்கள் விடப்பட்டிருந்தன. பெயர்களோடு கூடிய முழு நூல் 1983இல்தான் வந்தது.

எண்ணுபவர் எங்கே எண்ணுகிறார் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு, தஞ்சைப் படுகையின் மிகத் துயரமான நிகழ்ச்சியே சான்று. 1968 டிசம்பர் 25ஆம் நாள், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், நெற்கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணை நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிறைய நிலம் உடையவர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர். இத்தகையோர் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாமே நடந்து சென்று தீ வைத்தனர் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்துத் தீர்ப்பில் இடம்பெற்றது.

இதை ரேகைச் சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பிறப்பே குற்றத்துக்குச் சான்று. இங்கே செல்வமே குற்றமின்மைக்கு ஆதரவான காரணம். இரண்டிலும் 'இத்தகைய மனிதர் இத்தகைய செயலைச் செய்வார், செய்யமாட்டார்' என்ற முன்முடிவு சாட்சியத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது.

முத்திரை

1960களில் ஹோவர்ட் பெக்கர் முதலியோர் இதே இடத்திலிருந்து தொடங்கினர். பிறழ்வு என்பது செயலின் குணமன்று. பிறர் குத்தும் முத்திரையின் விளைவு என்றனர். இவர்களுக்கு முன்பே எட்வின் லெமர்ட், முதல் பிறழ்வையும் முத்திரைக்குப் பின் வரும் இரண்டாம் பிறழ்வையும் 1951இல் பிரித்துக் காட்டினார். ஒரு தவறு செய்தவரை ஊர் 'திருடன்' என்றே அழைத்தால், வேலை கிடைக்காது, நல்லவர் சேரமாட்டார், இறுதியில் அவர் அந்தப் பெயருக்கேற்ப வாழத் தலைப்படலாம்.

இதற்கும் நம்மிடம் சான்று உண்டு. பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் உள்ள நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தோன்றும்: இவ்வளவு நெல் இருந்தால் காவலும் இருந்திருக்க வேண்டும். தமிழகக் கிராமங்களில் காவல் ஒரு தொழில். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது காவல்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. களவு போனால் மீட்டுத் தருவது, இயலாவிட்டால் ஈடு கொடுப்பது அவர் பொறுப்பு. பல இடங்களில் கள்ளர் இத்தொழிலைச் செய்தனர். 1859இல் சென்னை மாகாணத்துக்குப் புதிய காவல்துறைச் சட்டம் வந்தது. அதன் பின் அதே நெற்பங்கு, அரசின் குறிப்புகளில் மிரட்டிப் பெறும் பணமாக மாறிற்று. கை அதே கை. நெல் அதே நெல். பெயர் மட்டும் வேறு.

முத்திரைக் கோட்பாடு மற்றவற்றைவிட நம் வரலாற்றுக்கு நெருக்கமானது. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. உழவு மாட்டைப் பறிகொடுத்த உழவரிடம் 'திருட்டு என்பது ஒரு முத்திரை' என்று சொல்ல முடியுமா? அவர் இழப்பு உண்மையானது. காவல் பங்கு கொடுக்காத வீட்டில் களவு நடந்ததும், மாட்டை மீட்கத் துப்புக்கூலி கேட்டதும் உண்டு. முதல் திருட்டு ஏன் நடந்தது என்பதற்கு இக்கோட்பாடு விடை தருவதில்லை.

அதற்கு டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் சொன்னது ஓரளவு உதவும். மனிதர் ஏன் குற்றம் செய்கிறார் என்று கேட்பதற்குப் பதிலாக, பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை என்று அவர் கேட்டார். பற்று, எதிர்காலத்தில் வைத்த முதல், வேலையில் ஈடுபாடு, நெறியில் நம்பிக்கை ஆகிய நான்கு பிணைப்புகள் நம்மைத் தடுக்கின்றன என்றார். ரேகைச் சட்டம் என்ன செய்தது? வெளியூர் வேலைக்குப் போக முடியாதபடி ஈடுபாட்டை அறுத்தது. இரவில் குடும்பத்தைப் பிரித்துப் பற்றைத் தளர்த்தியது. நல்லவராக இருந்தாலும் பதிவேட்டில் பெயர் இருக்கும் என்றதால், நெறியில் நம்பிக்கையைக் கெடுத்தது. குற்றத்தைத் தடுக்க வந்த சட்டம், குற்றத்தைத் தடுக்கும் கயிறுகளையே அறுத்தது என்பதே என் மதிப்பீடு.

சட்டம் போயிற்று, சிந்தனை?

ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றோர் எதிர்த்துப் போராடிய இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் நீங்கியது. ஆனால் 1948இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. குழுவின் பெயர் போய்த் தனிமனிதர் பெயர் வந்தது முன்னேற்றமே. எனினும் பழைய பார்வை பதிவேடுகளில் தங்கிற்று. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் அரசியலமைப்புக்கு மாறானவை என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் தீர்ப்பளித்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் மனப்பான்மை சிறைக் கையேடுகளில் தொடர்ந்ததையும் அத்தீர்ப்புக் கண்டித்தது.

வாசகர்களே, இக்கோட்பாடுகளுள் எது சரி என்று கேட்டால், ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன். பிறப்பைக் காரணம் சொல்வது சோதனையில் முற்றிலும் தோற்றது. மற்றவை ஒவ்வொன்றும் ஓரளவு வெளிச்சம் தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இருண்ட மூலையும் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் இந்தியாவில் குற்றங்கள் பற்றிய அறிக்கை 1953ஆம் ஆண்டு முதல் வரும் தொடர். அதிலுள்ள எண்கள், காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் எண்கள். பதிவு கூடினால் எண் கூடும். பதிவு செய்ய மறுத்தால் எண் குறையும். நாளிதழில் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி கைது' என்றோ, இன்ன பகுதி மக்களால்தான் களவு பெருகியது என்றோ படிக்கும்போது, ஒப்பீடு எங்கே, எண்ணியவர் யார், எது நடந்தால் இது பொய்யாகும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். சீர்மரபினர் சான்றிதழ் வைத்திருக்கும் மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால், அந்தச் சொல்லின் வரலாற்றை அவரோடு சேர்ந்து படியுங்கள். அதில் அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதிக்காத ஒரு கோட்பாட்டைச் சட்டமாக்கியவர்களே அதற்குப் பொறுப்பு.